பழைய அம்பாசடர் வாங்கலாம், வைப்புத்தொகையை உடைத்து அல்ல

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை தமது நிரந்தர வைப்பு ரசீதை என் மேசைமீது வைத்தார். தொகை நான்கு லட்சம். அதில் பாதியை உடனே எடுக்க வேண்டும் என்றார். காரணம் கேட்டேன். சற்றே கூச்சத்துடன், "ஒரு வண்டி பார்த்திருக்கிறேன் சார். 1964ஆம் வருஷத்து அம்பாசடர், மார்க் 2" என்றார்.

கொல்கத்தாவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட தமிழர் எவருக்கும் இந்த ஆசை புரியும். ஹூக்ளி ஆற்றங்கரையில், நகரத்திலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள உத்தர்பாராவில்தான் அந்த வண்டி பிறந்தது. பிர்லா குடும்பம் 1942இல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1958இல் அம்பாசடரை வெளியிட்டது. 1962இல் மார்க் 2, 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4 என்று பெயர்கள் மாறினவே தவிர, உருவம் பெரிதாக மாறவில்லை. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. 2017இல் பெயர் உரிமையும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் அமைச்சர் முதல் வாடகைக்கார் ஓட்டுநர் வரை அனைவரும் ஏறிய வண்டி, இன்று நம் கண்முன்னே அரிதாகி வருகிறது.

என் சக அலுவலர்கள் சிலர் இத்தகைய ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். திருமண மண்டபத்துக்கும் கைப்பேசிக்கும் நாம் செலவிடும் தொகையை எண்ணிப் பார்த்தால், ஒரு பழைய வண்டி அப்படியொன்றும் பெரிய குற்றம் ஆகிவிடாது. ஆனால் அந்த ஆசிரியரின் வைப்புத்தொகைக்கு வேறொரு வேலை இருந்தது. நான்கு லட்சத்துக்கு ஏழு சதவீதம் என்று கொண்டால் ஆண்டுக்கு 28,000 ரூபாய், மாதத்துக்கு ஏறத்தாழ 2,330 ரூபாய். அவருடைய மனைவியின் மாத்திரைச் செலவு அந்த வட்டியிலிருந்துதான் போகிறது. பாதியை எடுத்தால் வட்டியும் பாதி. முதிர்வுக்கு முன் உடைப்பதற்கான வட்டிக் குறைப்பு வேறு. வண்டியின் விலை இரண்டு லட்சம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையான விலை மாதந்தோறும் வரும் மருந்துச் சீட்டில் இருந்தது.

அப்படியானால் தனிநபர் கடன் கிடைக்குமா என்று கேட்டார். இத்தனை பழைய வண்டியின்மீது வாகனக் கடன் தருவது பொதுவாக வங்கிகளின் வழக்கமன்று; தனிநபர் கடனுக்கோ வட்டி கூடுதல். 12 சதவீத வட்டியில் இரண்டு லட்சம் ரூபாயை மூன்றாண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 6,643 ரூபாய். மொத்த வட்டி 39,000 ரூபாய்க்கு மேல். கடன் தருவதே தொழிலாகக் கொண்டவன் கடன் வேண்டாம் என்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பழைய வண்டி வாங்கியவருக்கு முதல் ஆண்டில்தான் கையில் ரொக்கம் வேண்டும். அந்த ஆண்டில் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரித்தால், வண்டி பாதி பிரித்த நிலையில் பட்டறையில் கிடக்கும். அப்படிக் கிடக்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. மீதியை இரும்பு தின்னும். இது வெறும் பேச்சன்று. பழைய கார்களில் சில தனிச் சட்டத்தின்மீது உடலைப் பொருத்திச் செய்யப்பட்டவை. நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அந்த வகை. உடலைக் கழற்றிச் சட்டத்தைத் தனியே பழுது பார்க்கலாம். அம்பாசடர் அப்படியன்று. அதன் உடலே அதன் சட்டம். கதவுகளுக்குக் கீழே உள்ள பட்டைகளும் அடித்தகடும் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடங்களும் துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே அரிக்கிறது என்று பொருள். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீரில் நிற்கும் நகரம் இது. பட்டி பூசி, மேலே பளபளப்பாகப் பெயிண்ட் அடித்த வண்டியைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். தடிமனாகப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. தரையில் துணி விரித்துப் படுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சட்டை அழுக்காவது பற்றிக் கவலைப்படுகிறவர் பழைய வண்டி வாங்காமல் இருப்பதே நலம்.

எஞ்சின் பழுது அவ்வளவு அச்சுறுத்துவதில்லை. மல்லிக் பஜாரில் உதிரி பாகம் தேடினால் கிடைக்கும். அதைப் பொருத்தத் தெரிந்த மெக்கானிக்குகளும் இந்நகரில் இன்னும் இருக்கிறார்கள். டிங்கரிங் கூலிதான் கையைக் கடிக்கும். ஆகவே ஓடாத, ஆனால் துருப்பிடிக்காத வண்டி, ஓடுகின்ற துருப்பிடித்த வண்டியைவிட மேலானது. விற்பவர்கள் இதை ஒருபோதும் சொல்ல மாட்டார்கள்.

ஆசிரியர் 1964ஆம் ஆண்டு வண்டியைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1968 முதல் இங்கே நடத்திவரும் பழம்பெரும் கார்களின் அணிவகுப்பை அவர் ஆண்டுதோறும் போய்ப் பார்ப்பவர். தமது வண்டியும் அதில் செல்ல வேண்டும் என்பது கனவு. ஆனால் 2021இல் வந்த மத்திய விதிகளைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட இயலாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே அனுமதி. மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் வண்டி வேண்டும் என்கிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

சிக்கனக்காரருக்கு ஏற்றது 1990களின் வண்டி என்பேன். சாலையோரத்தில் நிற்பவர் கண்ணுக்கு அதுவும் அதே அம்பாசடர்தான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய எஞ்சின் 1,489 சி.சி.; 1992க்குப் பின் வந்த இசுசு எஞ்சின் 1,817 சி.சி. பின்னது நன்றாக இழுக்கும், எனக்கும் அதுவே பிடிக்கும். ஆனால் 2022 ஜூன் முதலான கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், வரி தனி. ஒவ்வோர் ஆண்டும் இந்த வித்தியாசத்தைச் செலுத்தியாக வேண்டும். உற்பத்தி நின்றுபோன வண்டியின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் நீங்களும் பேசி ஒப்புக்கொள்வதே என்பதையும் நினைவில் கொள்க.

ஆவணங்கள் விஷயத்தில் எனக்கு இரக்கம் கிடையாது. பதிவுச் சான்றிதழ் உயிரோடு இல்லாத வண்டி, விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். தனியார் காருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆயிற்று. பழைய சான்றிதழில் ஏதேனும் வங்கியின் அடமானப் பதிவு நீக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் விற்பவர்தான் பெற்றுத் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30 படிவங்களில் கையொப்பம் ஆன பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் பதினைந்து ஆண்டு கடந்த வாடகை வாகனங்களை அகற்றச் சொன்னது முதல், ஓய்வுபெற்ற மஞ்சள் டாக்சிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி வெள்ளையடித்துச் சொந்தக் காராக ஓட்டலாம் என்று ஆசை காட்டுகிறவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். தில்லியிலிருந்து மலிவாக வருவனவற்றுக்கும் படிவம் 28 இல்லாமல் முன்பணம் கூடாது. எந்த வண்டியானாலும் அதன் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு பெல்தலா அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அறுபத்து மூன்று வயதுடையவரிடம் மூன்றாண்டு காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் கேட்கப் பிடிக்கவில்லை, "அதற்குள் என் முழங்கால் கிளட்சை மிதிக்குமா சார்?" என்றார். ஓய்வூதியத்திலிருந்து மாதம் 6,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுத் தொடர் வைப்பு என்று முடிவாயிற்று. அசல் மட்டும் 1,44,000 ரூபாய். நிரந்தர வைப்பு ரசீதைத் திரும்ப எடுத்துச் சென்றார். 1964ஆம் ஆண்டு வண்டியை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள் என்று அடுத்த மாதம் வந்து சொன்னபோது, என்மீது வருத்தம் இருந்தது தெரிந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பதினான்காவது தவணை செலுத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டி பார்க்கக் கிளம்பிவிடுகிறார். சென்ற வாரம் பாஸ்புக்கில் வரவு பதிய வந்தவர், ஹௌராவில் 1994ஆம் ஆண்டு வண்டி ஒன்று இருக்கிறதென்றும், அடித்தகடு சுத்தமாக இருக்கிறதென்றும், ஆனால் அது 1,817 சி.சி. என்றும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.