திண்டுக்கல் தொகுதி தரும் பாடம்

முதல் பொதுத் தேர்தல் நடந்தது 1952-ல். அதற்கு 72 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் மாதத்தில்தான் திண்டுக்கல் தொகுதியிலிருந்து ஒரு கம்யூனிஸ்ட் பார்லிமெண்டுக்குப் போனார். மார்க்சிஸ்ட் கட்சி அபேட்சகர் தோழர் ஆர். சச்சிதானந்தம் 4 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். பாட்டாளி மக்கள் மகிழ்ந்தார்கள், அது நியாயமே. ஆனால் மாடியில் கொடி ஏற்றியவன் அஸ்திவாரத்தையும் இறங்கிப் பார்க்க வேண்டும். அந்த 4 லட்சத்தில் நம் சொந்தப் பலம் எவ்வளவு? கூட்டணியின் பலம் எவ்வளவு? இதைக் கேட்கத் தயங்கினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

விடை தொகுதியின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

முதல் மூன்று தேர்தல்களிலும் இந்த ஸ்தானம் காங்கிரசின் கையில் இருந்தது. 1952-ல் அம்மு சுவாமிநாதன், 1957-ல் எம். குலாம் மொகிதீன், 1962-ல் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். அவருடைய மகள் கேப்டன் லட்சுமி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர். பின்னாளில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு வந்து, 2002-ல் இடதுசாரிகளின் ஜனாதிபதி அபேட்சகராக நின்றார்.

சௌந்தரம் அம்மையார் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சின்னாளபட்டிக்கு அருகே 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மத்திய சர்க்காரில் கல்வித் துறை துணை மந்திரியாகவும் இருந்தார். காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற ஏழைத் தாய்மார்கள் எத்தனையோ பேர். அந்தச் சேவையை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் மருந்தும் பள்ளிக்கூடமும் கிடைத்துவிட்டால் கூலியும் நிலமும் தானாகக் கிடைத்துவிடுமா? கிடைக்கவில்லை. சேவை செய்கிறவர் கொடுக்கிறார்; வாங்குகிறவன் கையேந்தி நிற்கிறான். சங்கம் வைத்தவனோ தன் உரிமையைக் கேட்கிறான். இரண்டும் ஒன்றல்ல.

1967-ல் காங்கிரஸ் கோட்டை சரிந்தது. லோக்சபை ஸ்தானத்தைத் தி.மு.க.வின் ந. அன்புச்செழியன் பிடித்தார். 1971-லும் தி.மு.க.வே வென்றது. பிறகு வந்தது 1973 மே மாத இடைத்தேர்தல். கட்சி தொடங்கி ஏழே மாதமான அண்ணா தி.மு.க., மாயத் தேவரை இரட்டை இலைச் சின்னத்தில் நிறுத்தி ஜெயித்தது. ஸ்தாபன காங்கிரசின் என்.எஸ்.வி. சித்தன் இரண்டாவது. மாநிலத்தை ஆண்ட தி.மு.க. மூன்றாவது. இரட்டை இலை நாடு முழுக்கப் பேசப்பட்டது இந்த ஊரிலிருந்துதான்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். 1977-ல் அண்ணா தி.மு.க. சார்பில் வென்ற அதே மாயத் தேவர், 1980-ல் தி.மு.க. சார்பில் வென்றார். 1973-ல் தோற்ற சித்தன் 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பிலும், 2004, 2009-ல் காங்கிரஸ் சார்பிலும் வென்றார். இடையில் 1989, 1991, 1998, 1999 ஆகிய நான்கு முறை அண்ணா தி.மு.க.வின் சி. சீனிவாசன். 2014-ல் மீண்டும் அண்ணா தி.மு.க. 2019-ல் தி.மு.க., 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில். சின்னம் மாறியது, கொடி மாறியது. பேகம்பூர் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவனுடைய கால் புண் மட்டும் ஆறவில்லை.

2024-ல் இந்தத் தொகுதி நமக்கு எப்படி வந்தது? கூட்டணிப் பேச்சில் கோவையை விட்டுக்கொடுத்தோம், திண்டுக்கல்லைப் பெற்றோம். 2019-ல் 5 லட்சம் வித்தியாசம் கண்ட அணியின் ஓட்டு நமக்குத் துணை நின்றது. இதை ஒளிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நமது பங்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டிய இடம் சட்டசபைத் தேர்தல் கணக்கு. திண்டுக்கல் நகரத்திலிருந்து 1967-ல் தோழர் ஏ. பாலசுப்பிரமணியம் சட்டசபைக்குப் போனார். 1977, 1980-ல் தோழர் என். வரதராஜன், 1989-ல் தோழர் எஸ்.ஏ. தங்கராஜன், 2006, 2011-ல் தோழர் கே. பாலபாரதி. இந்தத் தேர்தல்களில் நாம் சிலமுறை தி.மு.க. அணியில் இருந்தோம், சிலமுறை அண்ணா தி.மு.க. அணியில் இருந்தோம். அணி மாறினாலும் திண்டுக்கல் ஸ்தானம் நமக்கென்று ஒதுக்கப்பட்டது ஏன்? அந்த நகரத்தின் தொழிலாளர் தெருக்களில் சங்கம் வேர் விட்டிருந்ததால்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021-ல் நமது அணி மாநிலத்தையே வென்றது. ஆனால் திண்டுக்கல் நகரத்தில் நமது அபேட்சகர் தோற்றார். ஆகவே கூட்டணி ஒன்றே போதும் என்பது பொய். கூட்டணியே வேண்டாம் என்பதும் வீம்பு. கூட்டணி கதவைத் திறக்கும். உள்ளே நிற்பதற்குக் கால் நம்முடையதாக இருக்க வேண்டும்.

இந்தத் தேர்தல் முறையும் சிறிய கட்சிகளைக் கூட்டணிக்குத் தள்ளுகிறது. ஒரு ஓட்டு கூடினவருக்கு முழு ஸ்தானம். மற்றவர்களின் லட்சக்கணக்கான ஓட்டு குப்பையில். அயர்லாந்தில் வேறு முறை. டப்ளின் போன்ற நகரங்களில் ஒரு தொகுதிக்குப் பல மெம்பர்கள். ஓட்டர் 1, 2, 3 என்று வரிசை எழுதுகிறார். தோற்றவரின் ஓட்டும், ஜெயித்தவருக்கு மிஞ்சிய ஓட்டும் அடுத்தவருக்குப் போய்ச் சேரும். நம் நாட்டிலும் ராஜ்யசபைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் இப்படித்தான் ஓட்டுப் போடுகிறார்கள். மெம்பருக்கு ஏற்ற முறை மில் தொழிலாளிக்கு ஏன் ஆகாது? விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

தொகுதி எல்லையும் நமக்கு எதிராக நிற்கிறது. வேடசந்தூர் வட்டாரத்து நூல் மில்களின் புகை திண்டுக்கல் மாவட்டத்து வானத்தில்தான் கலக்கிறது. ஆனால் 2009 முதல் வேடசந்தூர்க்காரர் ஓட்டுப் போடுவது கரூர் தொகுதிக்கு. மில் விடுதிகளில் அடைந்து கிடக்கும் பெண்களுக்கு ஓட்டு சொந்த ஊரில். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு ஓட்டு ஆயிரம் மைல் தூரத்தில். உழைப்பு இங்கே, ஓட்டு எங்கோ! ஓட்டர் பட்டியல் அவர்களைப் பிரிக்கலாம். சங்கப் பட்டியல் பிரிக்கக் கூடாது.

இது அவசரமான வேலை. 2020 செப்டம்பரில் பார்லிமெண்டில் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது. முன்பு 100 பேருக்குக் குறையாத மில்லை மூடவோ ஆட்குறைப்புச் செய்யவோ சர்க்கார் அனுமதி வேண்டும். இனி அந்தக் கணக்கு 300. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் 300-க்குக் குறைந்த ஆட்களோடு ஓடும் மில்கள் எத்தனை என்று தொழிலாளர்களே எண்ணிப் பார்க்கட்டும். வேலைநிறுத்தம் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு. முதலாளி அந்த 14 நாளில் சும்மா இருப்பானா?

டெல்லியில் நம் மெம்பர் இதைக் கேட்க வேண்டும், கேட்பார். ஆனால் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அமர்ந்த சபையில் ஒரு குரலுக்குக் கனம் எங்கிருந்து வரும்? மில் வாசலிலிருந்தும் வரப்பிலிருந்தும்தான் வரும். நிலக்கோட்டையில் பூப்பறிக்கும் பெண்ணும், ஆத்தூரில் நாற்று நடும் சேரித் தொழிலாளியும், ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளியும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் அந்தக் குரல் பல ஆயிரம் பேரின் குரலாகும்.

காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரிலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளை வேண்டும். ஒவ்வொரு மில்லிலும் இரண்டு ஷிப்டுக்கும் பொறுப்பாளர் வேண்டும். ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளுக்கு, ஓட்டில்லாத இந்த நாட்களில் மறுபடி போக வேண்டும். 72 ஆண்டு காத்திருந்து பெற்ற ஸ்தானம் இரவல் ஸ்தானமாக முடிவதா, உழைப்பாளியின் சொந்த ஸ்தானமாக நிலைப்பதா? அதை அடுத்த தேர்தல் நாள் தீர்மானிக்காது. அதுவரை நாம் செய்கிற வேலை தீர்மானிக்கும்.