மயிற்பொறியும் பல்லாவரத்து மரச்சிறகும்

திருவான்மியூர் வான்மீகியின் பெயரால் அமைந்த ஊர் என்பது தலபுராண வழக்கு. அதனால்தானோ என்னவோ, இங்கே இலக்கியக் கூட்டம் எது நடந்தாலும் தேநீர் வருவதற்குள் புஷ்பக விமானம் வந்து இறங்கிவிடுகிறது. பின்னாலேயே சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. 'ஆகாய விமானத்தை முதலில் கண்டவர் நாமே' என்று கூறிக் கலைந்துபோகிறார்கள். இப்பெருமிதத்தில் நமக்கு உடன்பாடில்லை. இது காப்பியத்தையும் படிக்கவிடுவதில்லை; இந்நகரில் மெய்யாகவே செய்யப்பட்ட மரப்பறவை ஒன்றையும் நினைக்கவிடுவதில்லை.

திருத்தக்கதேவர் மயிற்பொறிக்குத் தரும் பொருட்பட்டியலைப் பாருங்கள்: சீலை, பிசின், நூல், அரக்கு, மெழுகு. பழைய மர விமானமும் ஏறத்தாழ இவற்றால் ஆனதே. மரச்சட்டத்தின்மேல் பசையிட்டு ஒட்டிய பிளைவுட், அதன்மேல் நூலால் தைத்த துணி, துணியை முரசுத்தோல்போல் விறைக்கச் செய்யும் 'டோப்' என்னும் பூச்சு. தேவர் விமானத்தைப் பார்த்தவரல்லர். தச்சரையும் கம்மியரையும் கூர்ந்து பார்த்தவர். நம் மதிப்புக்குரியது அந்தப் பார்வைதான்.

இன்னொன்று. பொறியை வலமாகத் திரித்தால் ஏறும், இடமாகத் திரித்தால் இறங்கும். பகைவனின் வெற்றிமுரசம் கேட்டு விசயை மயங்கியபோது அது சுடுகாட்டில் தரையிறங்குகிறது, நொறுங்கி விழவில்லை. விசை ஓய்ந்தாலும் சிறகு தாங்கும் என்பதே மோட்டார் கிளைடரின் அடிப்படையும். எஞ்சினால் மேலேறி, அதை நிறுத்திவிட்டுக் காற்றில் மிதந்து இறங்குவது அது. பிரான்சின் ரெனே ஃபூர்னியே 1960களில் வடிவமைத்த மர மோட்டார் கிளைடர்களுக்கு ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினே போதுமானதாக இருந்தது. கற்பனையும் பொறியியலும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்கின்றன என்பதற்கு மேல் இதில் உரிமை கொண்டாட ஏதுமில்லை.

உரிமை கொண்டாட வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்த உந்துதலில், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். குதிரைவண்டி கட்டிப் பெயர்பெற்ற சிம்சன் நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. சிறிய எஞ்சின்தான். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அது பறந்தது. அலகாபாத்தில் ஆன்றி பெக்கே அஞ்சல் சுமந்து பறந்தது 1911 பிப்ரவரி 18இல். அதற்கு 1961இல் அஞ்சல்தலைகளே வந்தன. ஓராண்டு முந்திய ஓட்டல்காரருக்கோ நகர வரலாற்றுப் பத்திகளில் ஒரு மூலை. வண்டிப்பட்டறையில் இழைப்புளி பிடித்த தச்சர்கள் அந்த மூலையிலும் இல்லை. சிந்தாமணித் தச்சனுக்கு வாய்த்த பாட்டு அவர்களுக்கு வாய்க்கவில்லை.

விடுதலைக்குப் பின் தில்லியில் அரசின் சிவில் விமானத் துறை மரக் கிளைடர்களை உருவாக்கியது. 1958இல் அசுவினி, 1961இல் ரோகிணி, 1963இல் கார்த்திக் என நட்சத்திரப் பெயர்கள்! பெயரிட்டவருக்குக் கவிமனம் இருந்திருக்க வேண்டும். நம் கூட்டங்களில் இப்பெயர்கள் எழுந்து நாம் கேட்டதில்லை.

அடுத்த பருவத்தில் நாமகள் இலம்பகம் நடத்தும்போது, மாணவரை 1910ஆம் ஆண்டுச் சென்னை நாளிதழ்களைத் தேடிப் படித்துவரச் சொல்ல இருக்கிறோம். புஷ்பகம் அதுவரை காத்திருக்கட்டும்.