கலாநிதிப் பட்டத்தின் பின்

கலாநிதிப் பட்டம் பெற்றதும் கற்றல் முற்றுப்பெற்றுவிட்டது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கணனித் துறையில் அப்பட்டம் வாயிற்படியேயன்றி வீடன்று. பட்டத்துக்கும் நிரந்தரப் பதவிக்கும் இடையில், ஓரிரண்டு ஆண்டுகள் பிறிதொரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராக இருக்கும் வழக்கம் மேல்நாடுகளில் உண்டு. இயந்திரக் கற்றல், ரொபோவியல் ஆகிய துறைகளில் இத்தகைய இடங்கள் அடிக்கடி அறிவிக்கப்படுகின்றன. அவற்றை நாடும் இளைஞருட் பலர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கின்றனரேயன்றி, அங்கு தமது வினாவைத் தாமே ஆராய உரிமை உண்டா என்று கேட்பதில்லை. இதுவே என் மனக்குறை.

அவ்வுரிமையின் பெறுமதியை மூவர் வரலாறு காட்டும். மூளையின் நரம்பு வலையை ஒட்டிக் கணனிக்குக் கற்பிக்கலாம் என்னும் கொள்கை 1970களில் மதிப்பிழந்து கிடந்தது. ஜெப்ரி ஹின்ரன் அதனையே பற்றிநின்று 1978 இல் எடின்பரோவிற் பட்டம் பெற்றார். பிரித்தானியாவில் ஆதரவு அரிதாகவே, கலிபோர்ணியாவின் சான் டியாகோவுக்குச் சென்றார். அங்கு டேவிட் ரூமெல்ஹார்ட்டுடன் ஏற்பட்ட கூட்டுறவே, வலை தன் பிழையைப் பின்னோக்கிக் கடத்தித் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறையை விளக்கிய 1986 ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வித்தாயிற்று.

யான் லெக்குன் 1987 இல் பரிஸிற் பட்டம் பெற்று, ரொறன்ரோவில் ஹின்ரனிடம் ஏறத்தாழ ஓராண்டு இருந்தார். பின்னர் பெல் ஆய்வுகூடத்தில், கையால் எழுதிய இலக்கங்களை வாசிக்கும் வலையை ஆக்கினார். 1991 இல் மக்கில் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற யொஷுவா பெஞ்சியோ, மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலும் பெல் ஆய்வுகூடத்திலும் ஆராய்ந்த பின்னரே 1993 இல் மொன்றியலில் ஆசிரியரானார். 2018 ஆம் ஆண்டின் ரூரிங் விருது இம்மூவருக்கும் உரித்தாயிற்று. ஹின்ரன் 2024 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். பிறர் பயனற்றதென்று தள்ளிய வினாவோடு இருக்க இவர்களுக்கு இடம் கிடைத்தது. அதன் விளைவை உலகம் இன்று காண்கின்றது.

ஆனால் இன்று பல இடங்களில் ஆராய்ச்சியாளர், பேராசிரியரின் திட்டத்தை முடித்துக் கொடுப்பதற்கே அமர்த்தப்படுகின்றார். ஒப்பந்தம் குறுகியது, புதுப்பிக்கப்படுமென்ற உறுதியில்லை. ரொபோவின் கை ஒரு கோப்பையை நழுவவிடாது தூக்கப் பழகுமுன்னரே, அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுத நேர்கின்றது. மனைவி மக்களோடு மீண்டும் பெட்டி கட்டும் துன்பம் வேறு. பெருங் கம்பனிகளோ உயர்ந்த ஊதியத்தையும் வலிய கணனிகளையும் காட்டி அழைக்கின்றன. போவோரைக் குறைகூற நான் துணியேன். ஆயினும், கம்பனியின் வினாக்கள் பெரும்பாலும் அதன் இலாபத்தை ஒட்டியே எழுவன என்பதை மறக்கலாகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ ஸ்க்லொடொவ்ஸ்கா கியூரி உபகாரச் சம்பளம் இவ்வகையிற் பாராட்டத்தக்கது. எந்நாட்டவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஏற்கும் நிறுவனத்துடன் கலந்து, ஆய்வுத் திட்டத்தை விண்ணப்பதாரரே வகுக்கவேண்டும். நம் நாட்டுக் கலாநிதிகளுக்கும் அக்கதவு திறந்தே இருக்கின்றது.

விண்ணப்பிக்க எண்ணும் இளைஞர், வினா யாருடையது, காலம் எவ்வளவு, கருவி வசதி எத்தகையது என்னும் மூன்றையும் முதலிற் கேட்டறிதல் வேண்டும். இடம் அளிப்போரும் மூன்றாண்டுக் காலமேனும் அளித்தல் வேண்டும். அதற்குக் குறைந்த காலத்தில் விரைவுக் கட்டுரைகள் விளையலாம். புதிய வழி பிறத்தல் அரிது.