காசிராமின் கணக்கில் நானாவின் பழி

விஜய் டெண்டுல்கரின் 'காசிராம் கொத்வால்' (1972) என்னும் மராத்தி நாடகத்தைக் காசிராமின் வஞ்சினமும் வீழ்ச்சியுமாக மட்டும் காண்போர், நானா பட்னாவிஸ் விரும்பிய தீர்ப்பையே வழிமொழிகின்றனர். மகள் கௌரியைப் பெற்றுக்கொண்டு, தந்தைக்குப் புனேயின் காவல் தலைமையை ஈந்தவர் நானா. இனித் தம் குற்றங்களும் காசிராமின் கணக்கிலேயே ஏறும் என அப்போதே கணித்தும்விடுகிறார். கௌரி இறந்தபின் தந்தை வந்து கேட்கையில், எல்லாம் இறைவன் செயல் என்கிறார். (அமைச்சருக்கு வேதாந்தம் நினைவுக்கு வரும் இடம் இதுவே.) தென்னாட்டு அந்தணர்கள் சிறையில் மூச்சுத்திணறி மாண்டு நகரம் கொதித்தெழுந்தபோது, காசிராமைக் கூட்டத்திடம் ஒப்படைத்து, அவன் பிணத்தின் அருகிலேயே விழாவும் அறிவிக்கிறார். நாடகத்தை எதிர்த்தோரும் நானாவின் வரலாற்றுப் புகழுக்கு நேர்ந்த இழுக்கையே பெரிதும் பேசினர். கௌரியின் சாவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்னும் வினாவைத் தவிர்க்கும் திறனாய்வு, எதனைச் சமூக விமரிசனம் என்கிறது?