ரிவால்வருக்கும் ஜாதகம் உண்டு!

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர், கடைச்சீட்டைப் பார்த்துப் பட்டுப் புடவையை மதிப்பதில்லை. கரையும் உடலும் சேரும் கோர்வையைப் புரட்டிப் பார்ப்பார். துப்பாக்கி நிபுணரும் அப்படித்தான். மேலே பொறித்த பெயரை மட்டும் அவர் நம்புவதில்லை. கள்ளத் துப்பாக்கியிலும் வெளிநாட்டுப் பெயரைப் பொறித்து விடுகிறார்களே!

கான்பூரில் உருவான இரண்டு சிறிய ரிவால்வர்களைப் பாருங்கள். இரண்டும் .32 ரகம். 2014-ல் பெண்களுக்கென்று வந்தது "நிர்பீக்". டைட்டானியம் கலந்த உலோகம். எடை சுமார் 500 கிராம்தான். தோட்டா போட, துப்பாக்கியையே நடுவில் மடக்க வேண்டும். 2023-ல் வந்தது "பிரபல்". இதில் தோட்டா உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். அந்த ஒன்றே ரகத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ரகம் தெரிந்தால் போதுமா? போதாது. அது யாருடைய துப்பாக்கி என்று சொல்வது அதில் வெட்டிய எண்தான். அந்த எண்ணை அழிப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

காலமான தாத்தாவின் பெட்டியில் பழைய ரிவால்வர் கிடைத்தால்? "அவர் பெயரில் லைசென்ஸ் இருக்கிறதே" என்று வைத்துக்கொள்ளக் கூடாது. அவருடைய லைசென்ஸ் வாரிசுக்குச் செல்லாது. உள்ளே தோட்டாவும் இருக்கலாம். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். உடனே போலீஸ் நிலையத்துக்குச் சொல்லி ஒப்படைப்பதே முறை. வேண்டுமானால், வாரிசு தம் பெயரில் லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம்.