பேஸ் வாசித்தது யார்?

கல்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மெல்லிசைக் குழு. பாடிய ஐந்து பேரையும் ஊர், பேர், எந்த டி.வி.யில் வந்தார்கள் என்பதுவரை சொல்லி அறிமுகம் செய்தார் தொகுப்பாளர். கீபோர்டுக்காரருக்கும் கைதட்டல் கிடைத்தது. பின்னால் பேஸ் கிடாரோடு மூன்று மணி நேரம் நின்றானே ஒரு பையன், அவன்? ‘மற்றும் குழுவினர்.’

அவன் கையை எடுத்திருந்தால் அத்தனை பாட்டும் காற்றுப் போன டயர்தான். சந்தேகமா? எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போடுங்கள். பாடகரை விட்டுவிட்டு, அடியில் தனியாக ஓடும் அந்த மெட்டை மட்டும் கேளுங்கள். ராஜாவின் குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸைக் கொஞ்சம் பேருக்குத் தெரியும். காரணம், வாசித்தவர்கள் பெயரை ரஹ்மான் கேசட் அட்டையில் அச்சடித்தார். அட்டை போச்சு, பெயரும் போச்சு. இன்று செல்போனில் பாட்டு கேட்கிறீர்களே, அதில் பேஸ் வாசித்தது யாரென்று தேடிப் பாருங்கள்.

‘காசு வாங்கிட்டுத்தானே வாசிச்சாங்க, பேர் எதுக்கு?’ என்பீர்கள். பி.காம். படித்தவன் சொல்கிறேன், லெட்ஜரில் பெயர் இல்லாத ஆளுக்கு வரவு வைக்க முடியாது. கால்ஷீட் சம்பளம் அன்றோடு சரி. 2012-ல் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தி, வியாபாரத்துக்குப் பயன்படும் இசையில் வாசித்தவருக்கும் ராயல்டி உண்டு என்றார்கள். யார் வாசித்தது என்றே எழுதி வைக்காத பாட்டுக்கு எந்த விலாசத்துக்கு செக் போகும்?

அமெரிக்காவில் இப்படி ‘மற்றும் குழுவினர்’ ஆக மறுத்த பேஸ்காரர் ஒருவர் உண்டு. ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ், 1922-ல் பிறந்தவர். செல்லோ கற்றார். கறுப்பினப் பையனுக்கு செவ்வியல் இசையில் இடமில்லை என்று ஆனதால் ஆளுயர டபுள் பேஸுக்கு மாறினார். பின்வரிசை வாத்தியத்தோடு முன்னால் வந்து நின்று குழுவை நடத்தினார், இசையமைத்தார். கம்பெனிகளை நம்பாமல் 1952-ல் டிரம்மர் மேக்ஸ் ரோச்சோடு சேர்ந்து சொந்த ரெக்கார்டு கம்பெனி தொடங்கினார். கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாத ஆளுநர் ஃபாபஸைக் கிழித்து ஒரு இசை எழுதினார். மகான் ஒன்றும் இல்லை. மகா முன்கோபி, கூட வாசித்தவரையே அடித்தவர். நரம்பு நோயில் கை விழுந்த பிறகும் டேப் ரெக்கார்டரில் முனகியே மெட்டமைத்தார். 1979-ல் அவர் இறந்ததும் மனைவி சூ அஸ்தியைக் கொண்டுவந்து கரைத்தது நம்ம கங்கையில்!

நம் ஆட்கள் யாரையும் அடிக்க வேண்டாம். பாட்டை வெளியிடும் கம்பெனிகள் நாலு வரி கூடுதலாக டைப் அடித்தால் போதும். ஹீரோவின் பட்டப் பெயருக்கு முழுத் திரையையும் கொடுக்கிறவர்களுக்கு இதற்கா இடமில்லை?

சாப்பிட்டு வெளியே வந்தபோது அந்தப் பையன் ஸ்பீக்கரைத் தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். “நல்லா வாசிச்சீங்க தம்பி” என்றேன். “தேங்க்ஸ் சார்” என்று சிரித்தான். மாமல்லபுரம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. நானும் பேர் கேட்கவில்லை.