அன்றைய பட்டியல் அன்று காலையே ஊர் தாண்டட்டும்

விருதுநகர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

திருத்தங்கலில் இருந்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலைகள், அச்சகங்கள், லாரி புக்கிங் ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொடுப்பது என் தொழில். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பட்டாசு ஆலையில் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பட்டியல், வெடிமருந்தில் கை வைப்பதற்கு முன்பே, ஆலைக்கு வெளியே தொலைவில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போய்விட வேண்டும். வழியில் அதை யாரும் படிக்கக் கூடாது. போய்ச் சேர்ந்த பிறகு யாரும், முதலாளியே ஆனாலும், திருத்த முடியக் கூடாது. இதற்கு ஓர் உத்தரவு போடுங்கள் ஐயா.

தீபாவளி நெருங்கும் மாதங்களில் இங்கே ஆள் நடமாட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வேன் வேனாக வருவார்கள். நேற்று ஓர் ஆலை, இன்று வேறொன்று. அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் தங்கச்சி வந்து அவளிடத்தில் உட்கார்வதும் உண்டு. விபத்து நடந்ததும் கேட்டுக்கு வெளியே ஓடிவந்து நிற்கும் சனம் கேட்பது ஒரே கேள்வி: “எங்க வீட்டுப் பிள்ளை உள்ளே இருந்துச்சா?” அதற்கு உடனே பதில் சொல்ல அங்கே யாரிடமும் ஒன்றும் இருப்பதில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஆட்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்ளே குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் வேறு என்பது பிறகு வெளிவந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பெயர் யாருடைய நோட்டில் இருக்கும்? இழப்பீட்டுக் கணக்கு இறந்தவரின் மாதச் சம்பளத்தையும் வயதையும் வைத்துத்தான் போடப்படுகிறது. அவர் அன்று அங்கே வேலை பார்த்தார் என்பதற்கே எழுத்து இல்லை என்றால், அந்தக் குடும்பம் எதைக் காட்டிப் பேசும்?

வருகைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆலைகள் இருக்கின்றன. ஆனால் நான் பார்க்கிற பேக்கப் பெரும்பாலும் அதே மேசையின் டிராயரில் கிடக்கும் ஒரு பென் டிரைவ்தான். நெருப்புக்கு மேசையும் டிராயரும் ஒன்றே. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜியோன் நகரில், அந்த நாட்டு அரசின் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேர்த்துவைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு முழுதும் போயிற்று. வெளியூரில் அதற்குப் பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் உலகமே பார்த்து வியக்கிற நாடு அது.

சரி, தொலைவுக்கு அனுப்பிவிட்டால் போதுமா என்றால், போதாது. இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். ஆலை ஆபீசில் இருந்து டவுன் ஆபீசுக்குக் கோப்பு போக வேண்டும் என்று சொன்னால், ஒரு ஃபோல்டரை அப்படியே பகிர்ந்துவிட்டு, ரௌட்டரில் வாசலைத் திறந்துவைத்து, எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற வைரஸ், விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பகிரும் அந்த வழியாகத்தான் நாடு நாடாகப் பரவியது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் முடக்கியபோது, நாள் கணக்கில் சீட்டைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். அசல் இருக்கும் கம்ப்யூட்டரில் இருந்து பிரதியை அழிக்க முடியும் என்றால், அசலைப் பூட்டியவன் பிரதியையும் பூட்டுவான்.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1995-இல் ஃபின்லாந்தில், பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதைப் பார்த்துவிட்டு, தாத்து யுலோனென் எஸ்எஸ்எச் என்ற மென்பொருளை எழுதினார். அதன் வழியே இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசுவதை நடுவில் இருப்பவனால் படிக்க முடியாது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிஜெல், கோப்புகளைப் பிரதியெடுத்து அனுப்பும் ஆர்சிங்க் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் என்பதால் நம்மூர் இணைய வேகமே அதற்குப் போதும். இரண்டுக்கும் காசு கிடையாது.

எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு, ஆலைக்கு ஆலை தனி டிஜிட்டல் சாவி கொடுக்க வேண்டும். அந்தச் சாவிக்கு ஒரே வேலைதான் அனுமதி: புதிய பட்டியலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கோயில் உண்டியலைப் போல, போட முடியும், எடுக்க முடியாது. முதல்முறை இணைக்கும்போது, எதிர்ப்பக்கம் இருப்பது இந்தக் கம்ப்யூட்டர்தானா என்று ஒரு கைரேகை எண்ணைக் காட்டிக் கேட்கும். படித்துப் பார்க்காமல் ‘ஆமாம்’ என்று தட்டுவது எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்த எண்ணை ஆட்சியர் அலுவலகம் தாளில் அச்சிட்டுக் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இணைக்கச் சொல்ல வேண்டும். பட்டியலில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கலாம். எனவே ஆலையை விட்டுக் கிளம்பும் முன்பே அது மறையாக்கப்பட வேண்டும். அதைத் திறக்கும் சாவி தொலைந்தால் பிரதி இருந்தும் பயனில்லை. உறையிலிட்டு முத்திரை வைத்து ஒன்று உங்கள் அலுவலகத்திலும், இன்னொன்று சிவகாசியில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்திலும் இருக்கட்டும்.

பிரதி சிவகாசிக்குள்ளேயே நிற்கக் கூடாது. விருதுநகரில் ஒன்று, சென்னையில் அரசு நிறுவனமான எல்காட்டின் பொறுப்பில் உள்ள மாநிலத் தரவு மையத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வேண்டும்.

முதலாளிமார் செலவைச் சொல்வார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் இணைய இணைப்பும் போதும் ஐயா. நாக்பூரில் உள்ள மத்திய வெடிபொருள் அலுவலகத்தின் லைசென்ஸ் வைத்திருக்கிற பெரிய ஆலைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாவட்ட வருவாய் அலுவலரின் (டிஆர்ஓ) லைசென்ஸில் ஓடுகிற சிறிய ஆலைகளுக்கு மாவட்ட நிர்வாகமே அமைத்துக்கொடுக்கலாம். பட்டியல் திருத்த முடியாத இடத்தில் இருப்பது நேர்மையாகத் தொழில் செய்கிற முதலாளிக்கும் நல்லது. விபத்துக்குப் பிறகு பெயரைச் சேர்த்தார், நீக்கினார் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

உத்தரவு போட்ட பிறகு, சீசன் உச்சத்தில் இருக்கும் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஓர் ஆலைக்கு வாருங்கள். அங்கிருக்கும் கம்ப்யூட்டரைத் தொடாமல், விருதுநகரில் உள்ள பிரதியில் இருந்து அன்று காலைப் பட்டியலை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத ஒருத்தி மருந்தின் முன்னால் உட்கார்ந்திருந்தால், காலைப் பட்டியலைத் தொடாமல், அன்று மாலைக்குள் அவள் பெயரோடு ஒரு புதிய பட்டியல் அங்கே போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
திருத்தங்கல்வாசி ஒருவன்